நிமிர்ந்து பார்க்காத டாக்டர்

கருவூலத்தில் வேலை பார்த்தவர்களுக்கு ஓய்வூதியர் நேர்காணல் என்றால் என்னவென்று தெரியும். என் காலத்தில் ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் அதுதான் வேலை. வெயிலில் குடை பிடித்துக்கொண்டு, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு, சிலர் ஆட்டோவை விட்டு இறங்கவே முடியாமல், வரிசையாக வருவார்கள். நாங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பென்ஷன் புத்தகத்தில் ஒட்டியிருக்கும் போட்டோவைப் பார்க்க வேண்டும், எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆள் அவர்தான், உயிரோடுதான் இருக்கிறார் என்று நிச்சயமான பிறகு கையெழுத்து. எவ்வளவு கூட்டம் இருந்தாலும் தலையை நிமிர்த்தாமல் அந்த வேலையைச் செய்ய முடியாது. ஆட்டோவில் இருப்பவரை வாசலுக்குப் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

2023 செப்டம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை. விழுப்புரத்தில் ஒரு நரம்பியல் நிபுணர் எழுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு என் முகத்தை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்குப் பதில் என் பக்கத்து வீட்டுக்காரரை அனுப்பியிருந்தாலும் அதே மாத்திரைதான் எழுதியிருப்பார்.

நடந்ததைச் சொல்கிறேன். யார், எந்த கிளினிக் என்று கேட்காதீர்கள். அவர் ஒருவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. உங்களில் பாதிப் பேருக்கு இதே மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்திருக்கும்.

அந்த வருஷம் ஆடி மாதம் எனக்குச் சிறுநீர்த் தொந்தரவு அதிகமாகி, புதுச்சேரியில் ஒரு யூரோ டாக்டரைப் பார்த்தேன். பிராஸ்டேட் வீக்கம், இந்த வயதில் சகஜம் என்று இரவில் போட ஒரு மாத்திரை கொடுத்தார். அது கேட்டது. ராத்திரி ஐந்து தடவை எழுந்தவன் இரண்டு தடவையோடு நின்றேன். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத் தலைசுற்றல் ஆரம்பித்தது. படுத்திருக்கும்போது ஒன்றுமில்லை. எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வரும், சுவரைப் பிடித்துக்கொள்வேன், அரை நிமிடத்தில் சரியாகிவிடும். பூஜை அறையில் விழுந்து கும்பிட்டு எழுந்தபோது ஒருநாள் விளக்கின்மேல் சாய்ந்துவிட்டேன். வீட்டுக்காரம்மா பயந்துபோய் மகனுக்குப் போன் பண்ணிவிட்டாள். அவன் சென்னையிலிருந்து, "அப்பா, மூளை சம்பந்தப்பட்டதா இருக்கப் போகுது, நல்ல நியூரோவைப் பாருங்க" என்றான். வாரம் ஒருமுறை வெளியூரிலிருந்து விழுப்புரத்துக்கு வருகிற நிபுணரைப் பற்றி எங்கள் தெரு தலைமையாசிரியர் சொன்னார். கெட்டிக்காரர், நிறைய பட்டம், டோக்கன் கிடைப்பதே கஷ்டம் என்றார். டோக்கன் கிடைப்பது கஷ்டம் என்றால் நமக்கு மரியாதை வந்துவிடுகிறது பாருங்கள்.

திண்டிவனத்திலிருந்து பஸ். கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி தாண்டினால் முண்டியம்பாக்கம். நெடுஞ்சாலை ஓரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 2010-ல் வந்தது. அதற்கு முன்னால் நமக்குப் பெரிய வியாதி என்றால் ஜிப்மர், இல்லாவிட்டால் சென்னை ஜி.எச். 1993-ல் விழுப்புரம் தனி மாவட்டம் ஆகும்வரை மாவட்டத் தலைநகரமே கடலூர்தானே. வாசலிலேயே ஒரு மருத்துவக் கல்லூரி வந்த பிறகும் அன்றைக்கு நான் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு சாக்கு வைத்திருந்தேன். திங்கட்கிழமை போயிருக்கலாம். காசு கொடுத்துப் பார்த்தால்தான் கவனிப்பார்கள் என்று எனக்குள்ளே ஒரு எண்ணம். முப்பத்தோரு வருஷம் அரசாங்கச் சம்பளம் வாங்கியவனுக்கு அரசாங்க ஆஸ்பத்திரிமேல் நம்பிக்கை இல்லை! அதைப் பிறகு பேசுவோம்.

கிளினிக்குக்கு ஒன்பதரைக்குப் போய்விட்டோம். பச்சை மையில் 47 என்று எழுதி ஒரு சீட்டு கொடுத்தாள் அந்தப் பெண். எடை பார்த்தாள், உட்கார வைத்து ரத்த அழுத்தம் பார்த்தாள், 146 என்று சீட்டில் குறித்தாள். பிறகு பெஞ்சு. டாக்டர் பத்து மணிக்கு வந்தார். ஒன்றரைக்கு அவர் கிளம்பியாக வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். மொத்த டோக்கன் எண்பது. கருவூலக்காரன் புத்தி சும்மா இருக்குமா? 210 நிமிடத்தை எண்பதால் வகுத்தேன். ஆளுக்கு இரண்டரை நிமிடத்துக்குச் சற்று மேல். எழுநூறை எண்பதால் பெருக்கினேன். ஐம்பத்தாறாயிரம். இந்தக் கணக்கைப் போட்டதற்கு வெட்கப்படவில்லை. காத்திருப்பவனுக்கு வேறு என்ன வேலை?

பன்னிரண்டேகாலுக்கு உள்ளே போனேன். செருப்பை வெளியே விட்டேன், கோயிலுக்குப் போகிற மாதிரி. அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்ணுது?"

"சார், ரெண்டு மாசமா தலை சுத்துது. எழுந்து நின்னா..."

"வயசு?"

"எழுபத்தி ஒண்ணு. எழுந்து நின்னா கண் இருட்டிட்டு வருது. போன மாசம் சிறுநீருக்கு ஒரு மாத்திரை..."

"அதெல்லாம் யூரோ டாக்டர்கிட்ட சொல்லுங்க. சுகர் இருக்கா? பிரஷர்?"

"பிரஷர் இருக்கு சார், மாத்திரை..."

"எம்.ஆர்.ஐ. ஒண்ணு எடுத்துட்டு அடுத்த வாரம் வாங்க. அதுவரை இதைப் போடுங்க."

பழைய சீட்டுகள் எல்லாம் அடங்கிய மஞ்சள் பை என் மடியில் இருந்தது. திறக்கவே இல்லை. வெளியே வந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "அடுத்து நாப்பத்தெட்டு" என்ற குரல் கேட்டது.

ஸ்கேன் சீட்டில் எந்த சென்டர் என்று முன்கூட்டியே அச்சடித்திருந்தது. போனேன். அந்தக் குழாய்க்குள் படுத்துக்கொண்டு டமடமவென்று சத்தம் கேட்டேன். 'வயது காரணமான மூளைச் சுருக்கம்' என்று ஒரு வரி ரிப்போர்ட்டில். அன்றிரவு நான் தூங்கவில்லை. எழுபது தாண்டிய பலருடைய ஸ்கேனிலும் அந்த வரி இருக்கும் என்று இப்போது தெரியும். அப்போது யாரும் சொல்லவில்லை. அக்டோபர் முதல் தேதி மறுபடி போனபோது படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ஒண்ணுமில்ல, வயசாச்சு இல்லையா, அப்படித்தான் இருக்கும்" என்றார். மாத்திரையை மூன்று மாதம் தொடரச் சொன்னார். காதுக்குள் திரவம் சம்பந்தப்பட்ட சுற்றலுக்கு ஒன்று, வைட்டமின் ஒன்று, ராத்திரி தூங்க ஒன்று. கிளினிக் பீஸ் 700, ஸ்கேன் 6,500, மறுபார்வை 400, மாத்திரை 1,140. மொத்தம் 8,740 ரூபாய். பஸ் சார்ஜ் சேர்க்கவில்லை.

அக்டோபர் 10, விடியற்காலை நாலு மணி. சிறுநீர் கழிக்க எழுந்தேன். அடுத்து எனக்கு ஞாபகம் இருப்பது பாத்ரூம் தரையின் குளிர்ச்சி. நெற்றியில் மூன்று தையல். வீட்டுக்காரம்மா என்னைத் தூக்க முடியாமல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள். அவளுக்கு அறுபத்தாறு வயது, சர்க்கரை வேறு. இடுப்பெலும்பு முறிந்திருந்தால்? நம் வயதில் இடுப்பு முறிந்து படுத்தவர்கள் எத்தனை பேர் எழுந்தார்கள் என்று உங்கள் தெருவில் எண்ணிப் பாருங்கள்.

காரணத்தைக் கண்டுபிடித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? ஒரு டாக்டர் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டில் தொடங்கினார்களே, அந்தத் திட்டத்தில் வீடு வீடாக வரும் பெண். என் மனைவிக்குச் சர்க்கரை மாத்திரை கொடுக்க வந்தவள். நெற்றிக் கட்டைப் பார்த்து, "இன்னா ஐயா ஆச்சு?" என்றாள். உட்கார வைத்து அழுத்தம் பார்த்தாள். 146. மனைவியின் நோட்டை எடுக்க எழுந்தேன், நிலைக்கதவைப் பிடித்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள். "அப்படியே நில்லுங்க ஐயா" என்று நின்றபடியே கையில் பட்டையைச் சுற்றி மறுபடி பார்த்தாள். 112. "நின்னா இறங்குது ஐயா. நாளைக்கே எங்க டாக்டரம்மாவைப் பாருங்க."

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையம். சின்ன வயது டாக்டரம்மா, என் பேத்தி வயதுதான் கூட ஒன்றிரண்டு இருக்கும். படுக்க வைத்துப் பார்த்தார், எழுப்பி நிற்க வைத்து ஒரு நிமிடத்தில் பார்த்தார், மூன்றாவது நிமிடத்தில் பார்த்தார். பிறகு கேட்ட கேள்வி: "வீட்ல போடுற மாத்திரை எல்லாம் கொண்டாந்திருக்கீங்களா?" மஞ்சள் பையை மேஜையில் கொட்டினேன். ஏழு வகை. ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார்.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். நாம் எழுந்து நிற்கும்போது ரத்தம் காலுக்கு இறங்கும். உடனே ரத்தக் குழாய்கள் சுருங்கி, இதயம் கொஞ்சம் வேகமாக அடித்து, மூளைக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும். வயதானால் இந்த ஏற்பாடு மந்தமாகும். பிராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டாம்சுலோசின் போன்ற மாத்திரைகள் சிறுநீர்ப் பாதையைத் தளர்த்துவதோடு சிலருக்கு ரத்தக் குழாயையும் தளர்த்திவிடும். ஏற்கெனவே இரண்டு பிரஷர் மாத்திரை போடுகிறவன் நான். மூன்றும் சேர்ந்து, எழுந்ததும் அழுத்தம் சரேலென்று இறங்குகிறது. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அதற்குத் தனிப் பெயரே இருக்கிறது. எனக்கு 30-க்கு மேல் குறைந்தது. இதோடு ராத்திரி தூங்க என்று நிபுணர் கொடுத்த க்ளோனாசெபம் வேறு. அந்த வகை மாத்திரை வயதானவர்களைத் தள்ளாட வைக்கும், விழ வைக்கும். முதியோருக்கு எந்தெந்த மருந்தைத் தவிர்ப்பது நல்லது என்று அமெரிக்காவில் மார்க் பீர்ஸ் என்ற மருத்துவர் 1991-லேயே ஒரு பட்டியல் போட்டார். திருத்தித் திருத்தி இன்றுவரை வெளிவருகிறது. இந்த வகைத் தூக்க மாத்திரைகள் அதில் இருக்கின்றன.

டாக்டரம்மா யூரோ டாக்டருக்குப் போன் போட்டுப் பேசினார். ஒன்றை மெல்ல நிறுத்தினார், ஒன்றைக் குறைத்தார், ஒன்றின் வேளையை மாற்றினார். எதை என்று எழுதமாட்டேன். நீங்கள் யாராவது உங்கள் மாத்திரையை நீங்களே நிறுத்திவிட்டுப் படுத்துக்கொண்டால் அந்தப் பாவம் எனக்கு. படுக்கையிலிருந்து எழும்போது உட்கார்ந்து ஒரு நிமிடம் காலை ஆட்டிவிட்டு எழச் சொன்னார். மூன்று வாரத்தில் சுற்றல் போயே போய்விட்டது. தீபாவளிக்கு விழுந்து கும்பிட்டேன், எழுந்தேன், விளக்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்போது என் வழக்கைச் சொல்கிறேன்.

நேரமில்லை என்பார்கள். நம் நாட்டில் டாக்டர்களுக்கு நேரமில்லைதான். 67 நாடுகளை அலசி 2017-ல் பி.எம்.ஜே. ஓப்பன் என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. பொது மருத்துவர் ஒரு நோயாளிக்குச் செலவிடும் சராசரி நேரம் வங்காள தேசத்தில் 48 விநாடி, சுவீடனில் இருபத்திரண்டரை நிமிடம். நமக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம். அது பொது மருத்துவர்களைப் பற்றியது, நிபுணர்களைப் பற்றியதல்ல. ஆனாலும் கணக்கு என் டோக்கனோடு ஒத்துப்போகிறது. சரி, சுவீடன் மாதிரி இருக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். எண்பது பேர் வந்து நிற்கிறார்கள், அவர் என்ன செய்வார்?

நான் கேட்கிறேன், அந்த பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தது இரண்டே முக்கால் மணி நேரம். அதில் மூன்று நிமிடம் எடுத்து, என்னைப் படுக்க வைத்து ஒருமுறை, நிற்க வைத்து ஒருமுறை அழுத்தம் பார்க்க அந்த டோக்கன் பெண்ணுக்குச் சொல்லி வைத்திருக்கலாமே? எந்தெந்த மாத்திரை போடுகிறார் என்று ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கலாமே? தலைசுற்றல் என்று வருகிற கிழவனிடம் கேட்க வேண்டிய முதல் இரண்டு விஷயம் இவை. இதற்கு நிபுணருடைய ஒரு விநாடிகூடச் செலவாகாது. நேரம் அங்கே நிறைய இருந்தது. எல்லாம் எங்கள் நேரம், அதனால் யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

அடுத்தது, பேச விடாதது. 1984-ல் அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் என்ற இருவர், நோயாளி பேச ஆரம்பித்து எத்தனை விநாடியில் டாக்டர் குறுக்கிடுகிறார் என்று அளந்தார்கள். சராசரி 18 விநாடி. எனக்கு அத்தனைகூடக் கிடைக்கவில்லை. "சிறுநீருக்கு ஒரு மாத்திரை" என்று நான் வாயெடுத்தேனே, நோயின் விடையே அந்த வாக்கியத்தில்தான் இருந்தது. அதைத்தான் அவர் வெட்டினார். "அதெல்லாம் யூரோ டாக்டர்கிட்ட சொல்லுங்க" என்றால் என்ன அர்த்தம்? மூளை ஒருவருக்கு, மூத்திரப்பை ஒருவருக்கு என்று பாகப்பிரிவினை செய்தாகிவிட்டது. பத்திரம் பதிவானது தெரியாமல் நடுவில் நிற்கிறவன் நான். என் உடம்பில் ரத்தம் ஒன்றுதானே ஓடுகிறது? இதயத்துக்கு ஒருவர், சிறுநீரகத்துக்கு ஒருவர், முட்டிக்கு ஒருவர் என்று ஆளுக்கு மூன்று மாத்திரை எழுதினால் மொத்தத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டியவர் யார்? கருவூலத்தில் எத்தனை துறையிலிருந்து பில் வந்தாலும் கடைசியில் ஒரு இடத்தில் கூட்டி ஒப்பிடாமல் அன்றைய கணக்கை மூட முடியாது. உடம்புக்கு அந்த மேஜை இல்லை.

உண்டு, அப்படி ஒரு துறை உண்டு. முதியோர் மருத்துவம். சென்னை ஜி.எச்.சில் 1978-லேயே டாக்டர் வி.எஸ்.நடராஜன் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவு தொடங்கினார். 2024 பிப்ரவரியில் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறந்தார்கள், 200 படுக்கை. சந்தோஷம். ஆனால் திண்டிவனத்திலிருந்து கிண்டிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். தலை சுற்றுகிறவன் எப்படிப் போவான்?

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2002-ல் இந்திய மருத்துவக் கவுன்சில் போட்ட நடத்தை விதிகள் இன்றும் அமலில் உள்ளன. 2023 ஆகஸ்டில் புதிய விதிகள் வெளியிட்டு, அதே மாதத்தில் நிறுத்தி வைத்து, பழையதற்கே திரும்பிவிட்டார்கள். மருந்தின் மூலப் பெயரைத் தெளிவாக, முடிந்தவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும். ஆள் அனுப்புவதற்குக் கமிஷன் கூடாது. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். எல்லாம் அதில் உண்டு. என் சீட்டில் இருந்த எழுத்தை மருந்துக்கடைப் பையன் ஒருவனைத் தவிர யாராலும் படிக்க முடியவில்லை, அந்தக் கடையும் அதே கட்டடத்தில். ஸ்கேன் சீட்டில் ஏன் ஒரே சென்டர் பெயர் என்று நான் குற்றம் சாட்டவில்லை, ஆதாரம் இல்லை. கேட்கத்தான் கேட்கிறேன். மகன், "நுகர்வோர் கோர்ட்டுக்குப் போலாம்ப்பா" என்றான். 1995-ல் வி.பி.சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவச் சேவையும் அந்தச் சட்டத்துக்குள் வரும் என்று சொல்லிவிட்டது, உண்மைதான். ஆனால் நிமிர்ந்து பார்க்கவில்லை என்பதற்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது?

நம்மையும் விட்டுவிட முடியாது. ஒரு டாக்டர் கால் மணி நேரம் பேசி, ஒன்றும் எழுதாமல் அனுப்பினால், "ஒண்ணுமே பண்ணலப்பா, ஒரு ஊசிகூடப் போடல" என்று வெளியே வந்து சொல்கிறவர்கள் நாம்தான். ஸ்கேன் எழுதினால்தான் பெரிய டாக்டர். பிராஸ்டேட் மாத்திரையைப் பற்றி மருமகள் எதிரில் சொல்லக் கூச்சப்பட்டு மறைப்பவர்களும் நாம்தான். அந்த முண்டியம்பாக்கம் கட்டடத்தைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போன என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது, சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். பணியில் இருந்தபோது குடும்ப ஓய்வூதியத்துக்காக ஒரு அம்மா கிராமத்திலிருந்து வருவார். மறுமணம் செய்துகொள்ளவில்லை என்ற சான்றில் ஏதோ குறை. "இது சரியில்ல, மாத்திக் கொண்டாங்க" என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினேன். என்ன சரியில்லை என்று உட்கார வைத்து ஒரு நிமிடம் சொல்லியிருந்தால் மூன்றாவது பஸ் செலவு அவருக்கு மிச்சமாகியிருக்கும். முகத்தைப் பார்த்தேன், பேச்சைக் கேட்கவில்லை. விழுப்புரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அந்த அம்மா ஞாபகம் வந்தார்.

தீபாவளி முடிந்ததும் அந்த நிபுணருக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஒரே பக்கம். பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, மிரட்டவில்லை. படுத்தபோது எவ்வளவு, நின்றபோது எவ்வளவு என்ற அளவுகள், நான் போட்ட ஏழு மாத்திரையின் பெயர்கள், விழுந்த தேதி, போட்ட தையல். "டோக்கன் கொடுக்கும் பெண்ணிடம் இந்த இரண்டு விஷயத்தைப் பார்க்கச் சொன்னால் என்னைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்" என்று கடைசி வரி. ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

ஐந்தாம் நாள் அட்டை திரும்பி வந்தது. பதில் இன்றுவரை இல்லை. 47 என்று எழுதிய டோக்கன் சீட்டு மஞ்சள் பையில் இன்னும் இருக்கிறது. அதே பச்சை மையில்தான் அட்டையிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறது.